திறப்பில்லாமல் திறந்த பூட்டு

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவி ஒருவர் எமக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். "ஓமோன் என்பது திறப்பு, கலத்தினுள்ளே இருக்கும் வாங்கி என்பது பூட்டு, இந்தத் திறப்பு இந்தப் பூட்டிற் பொருந்தினாற்றான் கதவு திறக்கும் என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். ஆனால், திறப்பு இல்லாமலே திறந்துகொள்ளும் பூட்டும் உண்டு என்று ஓரிடத்தில் வாசித்தேன். அது மெய்யா? மெய்யாயின் திறப்பு எதற்கு?" என்பது அவருடைய வினா.

வினா சிறிது. ஆயினும் விடை கூறப் புகுந்தால், குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் கட்டிலருகே போய் நிற்க நேரிடும். ஆதலின் வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் எம்மோடு வரவேண்டும்.

நமது சிறுநீரகங்களின் மேலே தொப்பி கவிழ்த்தாற்போல அமர்ந்திருப்பவை அதிரீனற் சுரப்பிகள். இவற்றின் புறணியிலே கோட்டிசோல் என்னும் ஓமோன் ஊறுகிறது. ஸ்டீரொயிட் என்று வைத்தியர் சொல்லும் குடும்பத்தில் இதுவும் ஒன்று. ஆண்மைக்குரிய ஓமோனும் பெண்மைக்குரிய ஓமோன்களும் இதன் உறவினரே. கொழுப்பிற் கரையும் இயல்பினவாதலால் இவை கலத்தின் மென்சவ்வைக் கடந்து உள்ளே நுழைந்துவிடும். வாங்கிகள் உள்ளே காத்திருக்கும்.

1936 ஆம் ஆண்டிலே கனடாவின் மொன்றியல் நகரில் ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர் எலிகளைக் குளிரிலும் காயத்திலும் நஞ்சிலும் வருந்தச் செய்து ஆராய்ந்தார். துன்பம் எதுவாயினும் எலிகளின் உடலில் ஒரே விதமான மாற்றங்கள் தோன்றின. அதிரீனற் சுரப்பி பருத்தது. நெஞ்செலும்பின் பின்னே இருக்கும் தைமசு என்னும் நிணநீர் உறுப்பு வற்றிச் சுருங்கியது. அதிரீனற் சுரப்பி ஊறவிட்ட ஏதோ ஒன்று, தைமசுவின் கலங்களை அழித்துக்கொண்டிருந்தது.

நிணநீர்க் கலங்களை அழிக்கும் பொருள், அக்கலங்களிலே தோன்றும் புற்றையும் அழிக்குமா? 1944 இல் ஐக்கிய அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தில் ஹைல்மன், கெண்டல் என்னும் இருவர் இதனைச் சுண்டெலியிற் சோதித்தனர். பின்னாளிற் கோட்டிசோன் என்று பெயர் பெற்ற பொருளை ஊட்டியபோது, எலியின் நிணநீர்ப் புற்று உருகிற்று. சில எலிகளிற் கட்டி மறைந்தே போயிற்று. ஆனால் சில வாரங்களிற் பலவற்றில் அது திரும்பி வந்தது. வந்த கட்டி அந்த மருந்துக்கு அசையவில்லை. எண்பது ஆண்டு கடந்தும் வைத்திய உலகை வருத்திக்கொண்டிருக்கும் சிக்கல் முழுவதும் அந்தச் சிறு பரிசோதனையிலேயே அடங்கியிருந்தது. உருகுவது ஏன்? திரும்புவது ஏன்? (கெண்டலுக்கு 1950 இல் நோபெல் பரிசு கிடைத்தது. அது வேறு இருவருடன் பகிர்ந்துகொண்ட பரிசு.)

1949 இல் நியூயோர்க் நகரிலே பியர்சன் என்பவரும் அவருடைய துணைவரும் இவ்வகை மருந்தை மனிதருக்குக் கொடுத்தனர். நெறிக்கட்டிகள் சுருங்கின. அதற்கு முந்திய ஆண்டிற்றான் பொஸ்ரன் நகரில் சிட்னி ஃபார்பர் அமினொப்ரெரின் என்னும் மருந்தினாற் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டியிருந்தார். அந்த மருந்தை ஆக்கிய ஆய்வுகூடத்தை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை எம் மாணவர்கள் அறிந்து வைத்திருத்தல் நன்று. இவ்விரு வகை மருந்துகளுக்கும் பின்னர் வந்த வேறு மருந்துகள் துணை சேர்ந்தன. ஒரு காலத்திற் சில மாதங்களிலே உயிரைக் கொண்டுபோன குழந்தைப் பருவத்து நிணநீர்வழிக் குருதிப் புற்றுநோய், வசதி மிக்க நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் குணமாகிறது.

இந்த வைத்தியம் பெரும்பாலும் ஸ்டீரொயிட்டுடனேயே தொடங்குகிறது. ஜெர்மனியில் உருவாகிய ஒரு முறையில் முதல் ஏழு நாளும் பிரெட்னிசோன் கொடுப்பர்; முள்ளந்தண்டு வழியே ஒரு முறை மாத்திரம் வேறொரு மருந்து செலுத்துவர். எட்டாம் நாட் காலையிற் குருதியை எடுத்துப் பார்ப்பர். ஒரு கன மில்லிமீற்றர் குருதியிலே புற்றுக் கலங்கள் 1000 இற்குக் குறைவாக இருந்தால் குழந்தை நல்ல வழியிற் செல்கிறது எனக் கொள்வர். கூடுதலாக இருந்தாற் கடுமையான வைத்தியம் வேண்டும். ஏழு நாட் குளிசைக்குக் கலங்கள் இணங்குகின்றனவா இல்லையா என்பது, அந்தக் குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றி வேறு பல நுட்பமான சோதனைகளுக்கு நிகராகப் பேசும்.

இவ்விடத்திலே பெற்றோருக்கு ஒரு சொல். நாட்பட்ட காய்ச்சல், மூட்டு நோவு, கழுத்திலே நெறிக்கட்டு என்று வருந்தும் பிள்ளைக்கு, முன்னர் யாருக்கோ எழுதிக் கொடுத்த பிரெட்னிசொலோன் குளிசையை வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் உளர். கொடுத்த இரண்டொரு நாளிற் பிள்ளை எழுந்து விளையாடவும் கூடும். நோய் குருதிப் புற்றாயின், அந்தச் சில குளிசைகள் புற்றுக் கலங்களைத் தற்காலிகமாகக் கலைத்து, நோயை வைத்தியர் கண்டறிய முடியாதபடி மறைத்துவிடும். சில வாரங்கள் வீணாகும். மறுபுறத்தில், வைத்தியர் தக்க காரணத்துடன் நெடுநாள் கொடுத்துவரும் ஸ்டீரொயிட்டை, அப்பெயருக்கு அஞ்சித் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருந்தை நம்பி ஓய்ந்திருந்த அதிரீனற் சுரப்பி உடனே விழித்தெழாது.

இனி, கலங்கள் எப்படி இறக்கின்றன என்பதைப் பார்ப்போம். நஞ்சு பட்ட கலம் வீங்கி வெடிக்கும். ஸ்டீரொயிட் பட்ட நிணநீர்க் கலமோ அவ்வாறன்று. அது ஒடுங்குகிறது, தன் கருவைத் தானே துண்டாடுகிறது, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது, அயற் கலங்கள் அவற்றை ஓசையின்றி விழுங்கிவிடுகின்றன. 1972 இல் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரில் கெர், வைலி, கறி என்னும் மூவர் இவ்வகை இறப்புக்கு 'அபொப்ரோசிஸ்' என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. அவர்களுக்கு அதனை எடுத்துக் கொடுத்தவர் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர். மொழிப் பேராசிரியரும் வைத்தியப் பேராசிரியரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இடத்தில் இப்படிப்பட்ட நற்பெயர்கள் பிறக்கின்றன. 1980 இல் வைலி, ஸ்டீரொயிட் பட்ட தைமசுக் கலங்களின் டீ.என்.ஏ. ஒழுங்கான அளவிலே நறுக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். எனவே இது விபத்தன்று. கலம் தன் கையாலே தேடிக்கொள்ளும் முடிவு.

நிணநீர்க் கலங்களுக்கு இந்த இயல்பு ஏன் வந்தது? தைமசுவிலே நாள்தோறும் பிறக்கும் கலங்களில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. உடலுக்கு உதவாதவையும் உடலையே தாக்கக் கூடியவையும் வெளியே விடப்படுவதில்லை. ஆகவே இக்குலத்துக் கலம் ஒவ்வொன்றும் தன்னை மாய்த்துக்கொள்ளும் கருவிகளைக் கையில் ஏந்தியே பிறக்கிறது. புற்றாக மாறிய பின்னும் பலவற்றில் அந்தக் கருவிகள் துருப்பிடிக்காமல் இருக்கின்றன. ஈரற் கலத்திலும் அதே கோட்டிசோல் வாங்கி உண்டு. அங்கே அது சருக்கரை ஆக்கும் வேலையைத் தூண்டுகிறது. ஈரற் கலம் சாவதில்லை. கட்டளை ஒன்றே, கேட்பவர் வேறு.

இப்பொழுது அந்தப் பூட்டைக் கழற்றிப் பார்ப்போம். கோட்டிசோல் வாங்கியின் அமைப்பை 1985 இல் கலிபோர்ணியாவில் எவன்ஸ் என்பவரின் ஆய்வுகூடம் வெளிப்படுத்திற்று. 777 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதமாலை அது. விளக்கத்தின் பொருட்டு அதனைத் தலை, இடை, வால் என மூன்றாகப் பகுப்போம். இடைப்பகுதியிலே நாக அணுக்களைப் பற்றிய இரண்டு விரல்கள் உள. அவ்விரல்களாற் டீ.என்.ஏ.யைப் பிடிக்கும். வாற்பகுதியிலே ஓமோன் வந்து அமரும் குழி இருக்கிறது. ஓமோன் இல்லாத வேளையில் வேறு புரதங்கள் வாலைப் பற்றி வாங்கியைக் கருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கின்றன. ஓமோன் அமர்ந்ததும் பிடி தளர்கிறது. வாங்கி கருவினுள்ளே சென்று சில பரம்பரையலகுகளை எழுப்புகிறது, சிலவற்றை உறங்க வைக்கிறது.

வாலை வெட்டிவிட்டால்? 1987 இல் எவன்ஸின் கூடமும், சான் பிரான்சிஸ்கோவில் யமமோட்டோவின் கூடமும் தனித்தனியே அதனைச் செய்து பார்த்தன. ஓமோன் அமரும் குழியே இல்லாத வாங்கி, ஓமோன் இல்லாமலே டீ.என்.ஏ.யைப் பற்றிப் பரம்பரையலகுகளை இயக்கிற்று, எந்நேரமும் இயக்கிற்று. மாணவியின் வினாவுக்கு நேர் விடை இங்கே இருக்கிறது. திறப்பு கதவைத் தள்ளித் திறப்பதில்லை. வால் என்பது ஒரு தாழ்ப்பாள். ஓமோன் அதனை விலக்குகிறது. தாழ்ப்பாளே இல்லாத கதவு திறந்து கிடக்கும். (ஓமோன் அமர்ந்த வால் வேறு துணைப் புரதங்களை அழைத்துச் செயலை வலுப்படுத்துவதும் உண்டு. எனினும் அது இரண்டாவது பணியே.) அப்படியானால் திறப்பு எதற்கு என்று கேட்டால், நேரம் அறிந்து திறப்பதற்கும் நேரம் அறிந்து மூடுவதற்கும் என்போம். எந்நேரமும் திறந்து கிடக்கும் வாயிலை எவர் வீட்டில் வைத்திருக்கிறார்கள்?

இங்கே நாம் ஒரு சிறு குப்பியின் கதையைச் சொல்லவேண்டும். 1964 இல் பொஸ்ரன் நகரிலே குருதிப் புற்றுநோய் கண்ட ஒரு குழந்தையின் குருதியிலிருந்து எடுத்த கலங்கள் ஆய்வுகூடத்தில் வளரத் தொடங்கின. 'சி.இ.எம்.' என்று பெயர் பெற்ற அக்கலங்கள் இன்றும் உலகின் பல கூடங்களில் வளர்கின்றன. பிராட் தொம்சன் என்னும் விஞ்ஞானியும் அவருடைய துணைவரும் அவற்றிலிருந்து தனித்தனிக் கிளைகளைப் பிரித்தனர். 'சி-7' என்னும் கிளை ஸ்டீரொயிட்டுக்கு இறக்கும். 'சி-1' என்னும் கிளை, வாங்கி இருந்தும் இறப்பதில்லை. 'ஐ.சி.ஆர்.-27' என்னும் மூன்றாவது கிளை, வாங்கி பழுதுபட்டமையால் இறப்பதில்லை. ஒரே குழந்தையின் நோயிலிருந்து வந்த கலங்களிலே இணங்குவதும், இரு வேறு காரணங்களால் இணங்காததும் அருகருகே கிடைத்தமை ஆராய்ச்சிக்குப் பெரும் பேறாயிற்று.

சி-7 கலங்கள் மருந்து பட்டவுடன் சாவதில்லை. ஏறத்தாழ 24 மணி நேரம் வெளித்தோற்றத்தில் ஒன்றும் நிகழ்வதில்லை. அதற்குள் மருந்தைக் கழுவி அகற்றினால் அவை பிழைத்துக்கொள்ளும். அந்த அமைதியான நேரத்திலே, கலத்தைப் பெருகத் தூண்டும் 'மிக்' என்னும் புரதம் தணிகிறது. கலத்தை மாய்க்கும் 'பிம்' என்னும் புரதம் ஏறுகிறது. 'பிம்'மை அடக்கி வைப்பது 'பி.சி.எல்.-2' என்னும் காவற் புரதம். இது கலங்கள் சாகாமற் காக்கிறது என்பதை 1988 இல் அவுஸ்திரேலியாவிலே கண்டுபிடித்தனர். காவலும் கொலையும் தராசின் இரு தட்டுக்கள் போல நிற்க, ஒரு கட்டத்திற் கொலைத்தட்டுத் தாழ்கிறது. அதன் பின்னர் மருந்தை எடுத்தும் பயனில்லை.

1991 இல், ரெக்சாஸ் மாநிலத்துக் கடலோர நகரமாகிய கல்வெஸ்ரனில் இருந்த தொம்சனின் கூடத்தார், பழுதுபட்ட வாங்கியுடைய ஐ.சி.ஆர்.-27 கலங்களினுள்ளே வால் வெட்டப்பட்ட வாங்கியின் பரம்பரையலகைச் செலுத்தினர். ஸ்டீரொயிட் ஒரு துளியும் சேர்க்கவில்லை. கலங்கள் இறந்தன. எந்த மருந்துக்கும் அசையாதிருந்த கதவு, திறப்பில்லாமலே திறந்தது. பின்னர் இன்னும் குறுகிய துண்டொன்றையும் சோதித்தனர். 465 ஆவது அமினோ அமிலத்துடன் இயல்பான தொடர் முறிந்துபோன துண்டு அது, டீ.என்.ஏ.யைப் பிடிக்கும் இரண்டாவது விரலும் அதிலே முழுமையாக இல்லை. அதுவும் கொன்றது! வாங்கி டீ.என்.ஏ.யை ஒழுங்காகப் பற்றி வேலை செய்யும் வழி ஒன்றே வழி என்று எண்ணியிருந்தோருக்கு, வேறு புரதங்களுடன் கூடியோ அவற்றைத் தடுத்தோ கொல்லும் வழியும் உண்டு என்னும் ஐயத்தை இது எழுப்பிற்று.

மருந்துக்கு இணங்காத நோயாளர் பலருக்கும் இதனால் விடிவு வந்துவிடும் என்று மகிழ்வதற்கு முன், இதே கதையின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியிலே தோன்றும் புற்று, ஆண் ஓமோனை உண்டு வளர்வது. அந்த ஓமோனை அகற்றினால் புற்றுத் தணியும் என்று 1941 இல் சிக்காகோவில் ஹகின்ஸ் காட்டினார்; 1966 இல் அதற்கு நோபெல் பரிசும் பெற்றார். ஆனால் ஓமோனை முற்றாக ஒழித்த பின்னும் பலருக்குப் புற்று மீண்டும் எழுகிறது. காரணங்களில் ஒன்று என்ன? ஆண் ஓமோன் வாங்கியின் வால் இல்லாத ஒரு வடிவத்தைப் புற்றுக் கலங்கள் தாமே ஆக்கிக்கொள்கின்றன. 'ஏ.ஆர்.-வி7' எனப்படும் இவ்வடிவம் உள்ளவர்களுக்கு இரண்டு முக்கிய மருந்துகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை என்பது 2014 இல் வெளியாயிற்று. ஓமோன் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, கதவு திறந்தே கிடக்கிறது, புற்று வளர்கிறது. மார்பகப் புற்றிலும், வால் இருந்தும் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியமையால் ஓமோனின்றி இயங்கும் வாங்கிகள் காணப்படுகின்றன.

ஆராய்ச்சியாளர் நிணநீர்க் கலத்தில் விரும்பிச் செய்த வெட்டும், புரொஸ்டேட் புற்றுத் தனக்குத் தானே செய்துகொள்ளும் வெட்டும் ஒன்றே. அங்கே அது சாவு. இங்கே அது வாழ்வு. இந்த ஒற்றுமையையும் வேற்றுமையையும் எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மேலிடுகிறது. நிணநீர்க் குலத்தில் வாங்கியின் கட்டளை 'மாய்க' என்பது. ஆதலால் அக்குலத்துப் புற்று தப்ப விரும்பினால் வாங்கியைப் பழுதாக்க வேண்டும், அல்லது அதன் சொல்லைக் கேளாதிருக்க வேண்டும். புரொஸ்டேட் குலத்திலே கட்டளை 'பெருகுக' என்பது. அங்கே தப்ப விரும்பும் புற்று, தாழ்ப்பாளைக் கழற்றி எறிகிறது.

வாங்கியை வெட்டாமலே ஓமோனின்றி எழுப்பும் வழிகளும் உள. மேற்சொன்ன 1991 ஆம் ஆண்டிலேயே, கல்வெஸ்ரனிலிருந்து ஐம்பது மைல் தொலைவிலுள்ள ஹூஸ்ரன் நகரிலே ஓமலி என்பவரின் கூடத்தார், டோபமின் என்னும் நரம்புச் செய்திப் பொருள் புரொஜெஸ்ரரோன் வாங்கியை அதற்குரிய ஓமோன் இல்லாமலே எழுப்புவதைக் காட்டினர். கலத்தின் மேற்பரப்பிலே தட்டிய ஓசை, உள்ளே உறங்கிய வாங்கியை எழுப்பிவிட்டது.

இதனோடு ஒட்டிய இன்னொரு செய்தி நம் பக்கத்து மண்ணைத் தொடுகிறது. இந்தியாவிலே வைத்தியத்துக்குப் பயன்படுவதும், தமிழ்நாட்டிலே 'மருந்துக் கூர்க்கன்' என்று பயிரிடப்படுவதுமாகிய செடியொன்று உண்டு; சிங்கள மக்கள் இன்னல என்று வழங்கும் சிறு கிழங்குக்கு அது நெருங்கிய உறவு. அதன் வேரிலிருந்து போர்ஸ்கொலின் என்னும் பொருளைப் பிரித்தெடுக்கின்றனர். இது கலத்தினுள்ளே வேறொரு செய்தித் தொடரை முடுக்கிவிடும். வாங்கி இருந்தும் இறக்க மறுத்த சி-1 கலங்களுக்கு ஸ்டீரொயிட்டுடன் போர்ஸ்கொலினையும் சேர்த்துக் கொடுத்தபோது அவை இறந்தன என்று 1998 இல் தொம்சனின் கூடம் அறிவித்தது. ஒரு குரலுக்குக் காது கொடாதவை இரு குரல் சேர்ந்ததும் கேட்டன. கூர்க்கன் கிழங்கை அவித்து உண்டால் இந்தப் பலன் கிடைக்கும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இது கண்ணாடிக் கிண்ணத்தில், அளந்த செறிவிலே நிகழ்ந்தது.

வாலற்ற வாங்கி இன்று எந்த வைத்தியசாலையிலும் மருந்தாக இல்லை. ஒரு கலத்தையும் விடாமல், ஆனால் புற்றுக் கலத்தினுள் மட்டும், அந்தப் பரம்பரையலகைக் கொண்டுசேர்ப்பது எளிதன்று. தாழ்ப்பாளில்லாத கதவை வேண்டாத கலத்திலே திறந்துவிட்டால் மூடவும் இயலாது. எனினும் அந்தப் பரிசோதனை சொல்லிய செய்தி வீணாகவில்லை. வாங்கி கெட்டுப்போன கலத்திலும் அதற்கு அப்பாலுள்ள சாவுக் கருவிகள் கெடாமல் இருக்கக் கூடும் என்பதே அச்செய்தி. அக்கருவிகளை வாங்கியின் துணையின்றி நேரே எழுப்பும் மருந்துகளை வேறு பலர் தேடினர். காவற் புரதமாகிய பி.சி.எல்.-2 இன் பிடியைத் தளர்த்தும் வெனெற்றோகிளக்ஸ் என்னும் குளிசைக்கு 2016 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதியோரிடம் மிகுதியாகக் காணப்படும் ஒருவகை நாட்பட்ட நிணநீர்வழிக் குருதிப் புற்றுக்கு அது கொடுக்கப்படுகிறது. அங்கே ஓமோனும் இல்லை, வாங்கியும் இல்லை. இலை மட்டும் உதிர்கிறது.

கடிதம் எழுதிய மாணவி, கீழே ஒரு வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். தம் தம்பிக்கு இந்நோயென்று அறிந்த நாளிலே வைத்தியர் முதலிற் கொடுத்தது ஒரு சாதாரணக் குளிசைதானே, அஃது எப்படிப் போதும் என்று வீட்டிலே எல்லோரும் ஐயுற்றார்களாம். அது மட்டும் போதாது. ஆதலாற்றான் அதனோடு வேறு மருந்துகளும் கூடி, இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் தொடரும். ஆனால் முதற் கட்டளையை அக்கலங்களின் உள்ளே கொண்டுபோவது அந்தச் சாதாரணக் குளிசைதான். எட்டாம் நாள் குருதிச் சோதனை எவ்வாறு இருந்தது என்று அவர் எமக்கு எழுதவில்லை. எழுதுவாராயின் மகிழ்வோம்.